சேவலுக்கு எதற்குத் தீனி? கொல்லைப்புறக் கேள்வி பதில்

எங்கள் வீட்டில் ஆறு பெட்டை, இரண்டு சேவல். "முட்டை போடாத சேவலுக்கு எதுக்குத் தீனி? ரெண்டையும் வித்துடும்மா" என்கிறார் மாமனார். முட்டைக்குச் சேவல் தேவைதானா?
*வாசகி, காட்பாடி*

சாப்பாட்டு முட்டைக்குத் தேவையில்லை. சேவலே இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான்; சத்தில் ஒரு குறையும் இல்லை. குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல் வேண்டும். அதற்கும் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். ஆறு பெட்டைக்கு இரண்டு என்பது அதிகம். பெட்டைகளின் முதுகையும் பிடரியையும் தடவிப் பாருங்கள். இறகு கொட்டித் தோல் தெரிந்தால் இரண்டும் மாறி மாறி மிதிக்கின்றன. மாமனார் சொன்னதில் பாதி சரி. ஒன்றை விற்றுவிடுங்கள்.

ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், கொண்டை நல்ல சிவப்பாக, கால் நேராக, விரல் கோணாமல் இருக்க வேண்டும். முக்கியமாக, உங்கள் பெட்டைகளோடு ஒரே அடையில் பொரித்ததாக இருக்கக் கூடாது. உடன்பிறப்புகளையே சேர்த்துக்கொண்டு போனால் பொரிப்பு குறையும், குஞ்சுகள் நோஞ்சானாகும். வெளியிலிருந்து புதுச் சேவல் கொண்டுவந்தால், பழையதைப் பிரித்து மூன்று வாரம் போன பிறகு வரும் முட்டையை அடைக்கு எடுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

தீனிக்கு என்ன செய்கிறது என்று மாமனார் கேட்டால், சாயங்காலம் நான்கு மணிக்கு அவரைக் கொல்லையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள். குப்பையைக் கிளறும்போது ஒரு கொழுத்த புழு கிடைத்தால் சேவல் அதை உடனே விழுங்காது. அலகால் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, 'கொக் கொக் கொக்' என்று தாழ்ந்த குரலில் அடுக்காகக் கூப்பிடும். பெட்டை ஓடிவந்து அதன் அலகடியிலேயே கொத்திக்கொள்ளும். வானத்தில் பருந்து தெரிந்தால் நீளமாக ஒரே ஒரு குரல். குஞ்சுகள் அந்த நொடியே செடிக்குள் ஒண்டும். தரையில் நாயோ கீரியோ வந்தால் அது வேறு சத்தம், விட்டுவிட்டு வரும் கொக்கரிப்பு. அப்போது கோழிகள் ஒண்டாமல் கழுத்தைத் தூக்கி நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், அடுப்படியில் இருந்தபடியே கொல்லையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். வளர்ப்பதில் இருக்கும் பெரிய சந்தோஷம் இதுதான்.

மூன்றரை மணிக்கே சேவல் கூவுகிறது. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
*வாசகர், ஆற்காடு*

சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்பதில்லை. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாள் முழுக்க மங்கிய வெளிச்சத்திலேயே வைத்தாலும் விடியும் நேரத்துக்கு முன்னால் கூவுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். ஆகவே நிறுத்த முடியாது, குறைக்கலாம். தெருவிளக்கும் வண்டி விளக்கும் படாத பக்கம் கூண்டைத் திருப்புங்கள். பக்கத்து வீட்டை நோக்கிய பக்கத்தைப் பலகையால் அடையுங்கள். உட்காரும் கொம்பை உயர்த்தி, தலைக்கு மேல் நாலு விரல் இடம் மட்டும் விடுங்கள். கழுத்தை முழுக்க நீட்டினால்தான் கூவல் பெரிதாக வரும். ஒரு சேவல் கூவினால் இன்னொன்று பதில் கூவும் என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூண்டைச் சாக்கால் போர்த்தி மூடுவது மட்டும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் எச்சத்தின் காரவாடையும் சேர்ந்து விடிவதற்குள் மூச்சுத் திணறிப்போகும்.

மூன்று வாரமாகச் சேர்த்த 15 முட்டையைச் சித்திரையில் அடை வைத்தேன். நான்குதான் பொரித்தது. மீதி கூமுட்டை. கூடையில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டிருந்தேனே?
*வாசகி, குடியாத்தம்*

கோழி மேல் குற்றமில்லை. அந்த முட்டைகளில் பல, அடையில் வைப்பதற்கு முன்பே கெட்டிருக்கும்.

அடைக்கு எடுக்கும் முட்டை ஏழு நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். போனால் பத்து நாள். வயது ஏற ஏற உள்ளே ஈரம் வற்றிக் கரு வலுவிழக்கும். அதைவிடப் பெரிய கேடு வெக்கை. சுமார் 27 டிகிரிக்கு மேல் போனால் கோழி உட்காராமலே கரு மெல்ல வளரத் தொடங்கும். அடைச் சூடு இல்லாததால் பாதியில் செத்துப்போகும். சித்திரையில் குடியாத்தத்து வீடுகளில் ராத்திரிகூட அந்தச் சூடு இறங்குவதில்லை. பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியைப் புதைத்து, அதில் உமி பரப்பி, முட்டையின் அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மேலே ஈரத் துணி. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். ஃபிரிட்ஜும் ஆகாது, அந்தக் குளிரில் கரு கெடலாம்.

அடுத்தது எண்ணிக்கை. கோடையில் சிறிய உடம்புக் கோழிக்குப் பத்து முட்டை போதும். பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது. கோழி புரட்டப் புரட்ட ஓரத்தது நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் வந்து எல்லாமே கெடும்.

கூடையில் மணல், அதன் மேல் அடுப்புச் சாம்பல், அதன் மேல் வைக்கோல். சாம்பல் எதற்கென்றால் செள்ளுக்கு. ராத்திரியில் செள் கடித்தால் எவ்வளவு நல்ல அடைக்கோழியும் எழுந்து போய்விடும். இருட்டிய பிறகு உட்கார வையுங்கள். தினமும் ஒரு முறை, கால் மணி நேரம் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டு வரட்டும். தீனியும் தண்ணீரும் பத்தடிக்குள் இருக்கட்டும்.

ஏழாம் நாள் ராத்திரி அட்டையில் ஓட்டை போட்டு, செல்போன் டார்ச்சை அடியில் பிடித்து முட்டையைப் பாருங்கள். சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் சேவல் சேராத முட்டை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. பின்னவை இரண்டையும் எடுத்துவிடுங்கள். 18-ம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள். 21-ல் பொரிக்கும்.

கரியும் ஆணியும் இடிக்காகப் போடுவது. இடியால் முட்டை கெடாது. போடுவதால் நஷ்டமும் இல்லை, ஆணி முனை ஓட்டைக் கீறாமல் இருந்தால் சரி.

ராணிக்கெட் நோய் என்பது நம் ராணிப்பேட்டையில் தோன்றியதா? தடுப்பூசி போட்டும் எங்கள் தெருவில் கோழிகள் செத்தனவே, ஏன்?
*வாசகர், வாலாஜாபேட்டை*

பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இப்படி நினைக்கிறார்கள். ராணிக்கெட் உத்தராகண்டில் இருக்கும் மலை ஊர். ராணிப்பேட்டை நோய் கொடுத்த ஊர் இல்லை, மருந்து கொடுக்கும் ஊர். 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது.

நம் வழக்கில் இது வெள்ளைக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு விடும், தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து கிடையாது. ஆகவே தடுப்பு மருந்து முன்கூட்டியே: குஞ்சு பொரித்த ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் 1, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடி லசோட்டா. எட்டாம் வாரம் ஆர் 2 பி, இறக்கை அடித் தோலுக்குக் கீழே அரை மில்லி. பிறகு ஆண்டுதோறும் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமுக்குக் கூடையோடு போய்விடுங்கள். கோடைக்கு முன்பே போட்டுவிட்டால்தான் கழிச்சல் வரும் நேரத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கும்.

போட்டும் செத்ததற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று, மருந்து சூடேறியது. இது உயிருள்ள கிருமி. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பைக் டாங்க் கவரில் வைத்து வாலாஜாவிலிருந்து வீடு வரை வெயிலில் கொண்டுவந்தால் புட்டியில் இருப்பது வெறும் தண்ணீர். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். இரண்டு, தெருவில் நோய் வந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டது. கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஊசி உதவாது. மூன்று, குடற்புழு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுங்கள்.

செத்த கோழியைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். நோய் கண்டதைச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். ஒரு கூடைக் கோழி நாலு ஊரைக் காலி செய்யும்.

கடலைப் புண்ணாக்கு எங்களிடமே இருக்கிறது. அதையே கோழிக்கும் வாத்துக்கும் போட்டால் போதாதா?
*வாசகர், ஆரணி*

அதை மட்டும் போட்டால் போதாது. பூஞ்சணம் பிடித்ததைப் போடவே கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தேடிப் பார்த்தபோது காரணம் தீனியில் இருந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அந்த நஞ்சுக்குத்தான் அப்லாடாக்சின் என்று பெயர். வாத்துக் குஞ்சு இந்த நஞ்சைச் சிறிதும் தாங்காது. ஐப்பசி மழையில் நனைந்த மூட்டை, உடைத்தால் பச்சையோ கருப்போ படிந்த கட்டி, மக்கல் வாடை: எருக்குழியில் போடுங்கள். காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

நல்ல புண்ணாக்கு என்றால் பத்துக் கிலோ கலவைக்கு இரண்டு கிலோ. கம்பு, கேழ்வரகு, நொய், மக்காச்சோளம் இவற்றில் கிடைப்பது ஐந்தரை கிலோ, தவிடு ஒன்றரை, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்பு 200 கிராம். மேயும் கோழிக்குத் தினம் ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம் போதும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடுவது தேவைக்குத் தின்னும். குஞ்சுகளுக்குக் கரையானைவிட நல்ல தீனி இல்லை. பழம்பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தருகே சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால் வெள்ளையாக நெளியும். குஞ்சுகள் அதற்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பத்து சென்ட் கொல்லையில் ஆடு, வாத்து, வான்கோழி, கின்னிக்கோழி எல்லாவற்றையும் ஒன்றாக விடலாமா?
*வாசகர், ஒடுகத்தூர்*

பகலில் ஓரளவு, ராத்திரியில் கூடாது. கின்னிக்கோழி கோழியோடு ஒத்துப்போகும். பாம்பு, அன்னிய ஆள் எதைக் கண்டாலும் கத்தி ஊரைக் கூட்டும். வாத்து இருக்கும் இடம் எப்போதும் சேறு, அதைக் கோழிக் கூண்டிலிருந்து தள்ளி வையுங்கள். வான்கோழியைக் கோழி திரிந்த மண்ணிலேயே விடாதீர்கள். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கருந்தலை நோய் கோழியைப் பெரிதாகப் பாதிக்காமல் வான்கோழியைக் கொன்றுவிடும்.

ஆடு இரண்டு பெட்டையோடு தொடங்குங்கள். கோழித் தீனி அதற்கு எட்டவே கூடாது. நொய்யும் கம்பும் வயிறு நிறையத் தின்ற ஆட்டுக்கு வயிறு புளித்து, உப்பி, மறுநாளே செத்துப்போவதுண்டு. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் வாங்கினால் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் இல்லை என்று தெரிந்த பிறகு மற்றதோடு சேருங்கள். ஆட்டுக்கொல்லி ஊசியும், மழைக்கு முன் துள்ளுமாரி ஊசியும் தவறக் கூடாது.

அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் கோழிகள் வாய் பிளந்து விழுகின்றன.
*வாசகி, அணைக்கட்டு*

கோழிக்கு வேர்வை கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காலை பத்துக்கு மேல் நாலு மணி வரை தானியம் போடாதீர்கள், செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். நிழலில் மண்சட்டித் தண்ணீர், மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் பனை ஓலை பரப்புங்கள். விழுந்த கோழியின் காலைச் சாதாரணத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

சேவல் என் ஐந்து வயது மகள் மேல் பாய்கிறது. அடித்தும் திருந்தவில்லை.
*வாசகி, பேரணாம்பட்டு*

அடித்தால் திருந்தாது, சண்டைக்கு ஆள் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஓடினாலும் துரத்தும். ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வந்தால் பாயப்போகிறது என்று அர்த்தம். அப்போது அசையாமல் நின்று, பிடித்து, இறக்கையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் கொல்லையைச் சுற்றுங்கள். தினம் செய்தால் பல சேவல்கள் இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காததை வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தையின் கண் உயரத்துக்குப் பாயும், அந்த முரட்டுக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கலாம். அதுவரை கால் முள்ளின் கூர்முனையை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். அடிவரை வெட்டாதீர்கள், உள்ளே ரத்தக்குழாய் ஓடுகிறது. தவறி ரத்தம் வந்தால் மஞ்சள்தூளை வைத்து அழுத்திப் பிடித்து, நின்ற பிறகு கீழே விடுங்கள்.