ஓக்ரகோக் தீவுக் குடும்பம் 1840 கணக்கெடுப்பில் காணாமற்போனது குறித்து

ஓக்ரகோக் தீவில் வாழ்ந்த உங்கள் கணவரின் முன்னோர் 1840 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கார்ட்டரெட் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 1840 கணக்கெடுப்புப் பதிவேட்டில் தேடுங்கள். 1850 கணக்கெடுப்பில் ஹைடு கவுண்டியில் இருக்கும் அவர்கள் 1840-இல் அங்கே தென்படாததற்குப் பெரும்பாலும் எல்லை மாற்றமே காரணமாக இருக்கும். வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவு 1845 வரை கார்ட்டரெட்டைச் சேர்ந்திருந்தது; அதன் பின்னரே, பாம்லிக்கோ காயலுக்கு அப்பால், இன்றும் படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய ஸ்வான் குவார்ட்டரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹைடுடன் அது இணைக்கப்பட்டது. நிலப்படத்தைப் பார்ப்பவருக்கு இது விசித்திரமான இணைப்பாகவே தோன்றும்.

குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் கொண்டு தேடுங்கள். 1840 கணக்கெடுப்பு மற்றவர்களைப் பெயரின்றி, வயதுப் பிரிவுவாரியான எண்ணிக்கையாகவே காட்டும் என்பதால், 1850 பட்டியலின் வயதுகளில் பத்தைக் கழித்து ஒப்பிட்டால் அதே குடும்பமா என்று ஓரளவு உறுதிசெய்யலாம்.

அவர்கள் அருகிலுள்ள ஹாட்டரஸ் தீவினர் என்றால் இவ்விடை பொருந்தாது. ஹைடில் இருந்த அத்தீவு 1870-இல் புதிய டேர் கவுண்டிக்குச் சென்றது. அடிமைப்படுத்தப்பட்டிருந்தோரைத் தேடுவதானால், 1850-இல் அவர்களுக்கெனத் தனி அட்டவணை உண்டு. அதிலும் பொதுவாக உரிமையாளரின் பெயரே இருக்கும்.