சுவரைக் கொத்துவதற்கு முன் பெட்டியைத் திறங்கள்

கேள்வி: புதுச்சேரியில் தமிழர் பகுதியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. கீழே திண்ணை, முற்றம். மாடி பிரெஞ்சு பாணி. கீழ்ச்சுவரில் காரை உதிர்கிறது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசலாம் என்கிறார் கொத்தனார். ஆசிரியராக இருந்த பெரியப்பா ஊர் வரலாறு குறித்து எழுதிய நோட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய உள்ளன. அவர் நினைவாக ஓர் அறை அமைக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பெட்டியிலிருந்து. அதுவரை கொத்தனார் சுவரில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கீழிருந்து ஈரம் ஏறும். கடலோர ஊர் என்பதால் உப்பும் கூடவே வரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. தேங்கிய ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதை மாவாக்கும். சில மழைக்காலம் கழித்து சிமெண்ட் பாளமாகக் கழலும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். இப்படி நாசமான சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து வடிகால் அடைத்திருக்கலாம், மழைநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சை மட்டும் எடுங்கள். கெட்டியாக இருப்பது அப்படியே இருக்கட்டும். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் மெதுவாக இறுகட்டும். மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும், எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குவது நல்லது.

மாடித் தளம் மெட்ராஸ் டெரஸாகத்தான், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட தளமாகத்தான், இருக்கும். அதன் உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளைக் கட்டாயம் சோதியுங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் வேலை காட்டும், வெளியே எதுவும் தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் 'மேரி' எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடமே இடிந்து விழுந்ததே! பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளரைக் கூப்பிடுங்கள். புதுச்சேரியில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இந்த வேலையில் நீண்டகாலமாக இருக்கிறது, அவர்களிடம் கேட்கலாம். முகப்பில் கை வைக்கும் முன் நகரமைப்புக் குழுமத்தின் அனுமதி விவரத்தையும் விசாரித்துவிடுங்கள்.

இனி பெட்டி. பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1846-இல்தான் வெளியாரின் கவனத்துக்கு வந்தது. பிரெஞ்சு இந்தியாவை நம் பக்கத்திலிருந்து பார்க்கும் கண் அதனால்தான் நமக்குக் கிடைத்தது. உங்கள் பெரியப்பாவின் நோட்டு எதற்குச் சாட்சி என்று இன்று நீங்களும் நானும் சொல்லிவிட முடியாது.

ஆகவே பக்கங்களை இருக்கும் வரிசையிலேயே படமெடுங்கள். செருகியிருக்கும் துண்டுச் சீட்டையும் அதே இடத்தில் எடுங்கள். செலோடேப், லேமினேஷன் இரண்டும் காகிதத்துக்கு எமன். ஒவ்வொரு நோட்டிலும் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். யாரிடம் கேட்டது, எந்தப் பத்திரத்தில் பார்த்தது என்று அவர் ஓரத்தில் குறித்திருந்தால் அதை விடாமல் சேருங்கள். ஆய்வாளருக்கு அந்த ஓரக்குறிப்புதான் உயிர்.

வீட்டின் வயதுக்கும் அங்கே தடயம் இருக்கலாம். 'டூப்ளே காலத்து வீடு' என்று, 1761-க்கு முன் இருந்த பிரெஞ்சு ஆளுநரின் பெயரைக் குடும்பத்தில் சொல்வார்கள். ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துப் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். பழைய நொத்தேர் (பிரெஞ்சு ஆட்சிக்காலப் பத்திரப் பதிவாளர்) பத்திரம் கிடைத்தால் அதை நம்புங்கள். இல்லையென்றால் பெயர்ப்பலகையில் ஆண்டு போட வேண்டாம்.

அறையில் நகல்களையும் அவருடைய மேசையையும் வையுங்கள். மூலத்தை ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையோ, இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தையோ அணுகிப் பாருங்கள். ஒப்படைப்பதானால் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அவர் எழுத்துக்கான பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. யார் பயன்படுத்தினாலும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற வரி அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.