ஒரே கணத்தில் நடந்தது இன்னொருவருக்கு ஏன் முன்பின்னாகிறது? ஒளி வந்துசேரும் தாமதம்தான் காரணமா?

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில், ஒருவருக்கு ஒரே கணத்தில் நடக்கும் இரு நிகழ்வுகள் அவரைச் சார்ந்து நகரும் இன்னொருவருக்கு முன்பின்னாவது ஒளியின் தாமதத்தால் வரும் தோற்றம்தானே என்றும், முன்பின் மாறினால் விளைவு காரணத்தை முந்திவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இளநிலை இயற்பியல் மாணவர் என்றும், கையில் இருப்பது தேர்வுக்கான கைடு என்றும் ஊகிக்கிறேன். கைடுகளில்தான் இந்தத் தாமத விளக்கம் மாறாமல் அச்சாகிறது. அது சரியன்று, தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்த பின்பும் எஞ்சும் வேறுபாட்டையே ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதினார்.

பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தபோது, இதே வினாவுக்கு ஒரு மாணவர் எழுதிய விடை என்னிடம் வந்தது. ஓடும் ரயிலின் இரு முனைகளிலும் மின்னல் விழுகிறது. விழுந்த இரு இடங்களுக்கும் சரிநடுவே நடைமேடையில் நிற்பவரை இரண்டு ஒளியும் ஒன்றாக அடைகின்றன. ரயிலின் நடுவில் அமர்ந்திருப்பவரை முன்முனை ஒளி முதலில் அடைகிறது. கைடு இத்துடன் முடித்துவிடும். அம்மாணவர் மேலே சென்றார்: ரயிலின் இரு முனைகளிலும் கருகிய தடங்கள் உள்ளன, பயணி அளந்து பார்த்தால் இரண்டும் அவருக்குச் சம தொலைவு, ஒளியின் வேகம் அவருக்கும் இரு திசைகளிலும் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரே, ஆகவே இரு ஒளிகளின் பயண நேரமும் சமம், சமமான தாமதத்தைக் கழித்தாலும் முன்முனை மின்னல்தான் அவருக்கு முன்னதாக விழுந்தது. ஓரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ஒளிக்குப் பதில் இடியோசையை வைத்து, பழைய நியூட்டன் முறையில் வேகங்களைக் கூட்டிக் கழித்துக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு வராது.

அந்த வரிக்காகவே முழு மதிப்பெண் இட்டேன். ஒலி காற்றில் செல்வது. காற்று நடைமேடையோடு அசையாமல் நிற்க, பயணி தம்மை நோக்கி முன்னிருந்து வந்த ஓசை விரைவாகவும் பின்னிருந்து வந்தது மெதுவாகவும் வந்ததாக அம்முறையில் திருத்திக்கொண்டு, இரண்டு இடியும் ஒன்றாகவே விழுந்தன என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஒளியின் வேகம் யாருக்கும் மாறாததால், விட்டுக்கொடுக்க வேண்டியது வேகமன்று, 'ஒரே கணம்' என்பதுதான். முதன்மைத் தேர்வாளரோ, விடைக்குறிப்பில் உள்ள லோரன்ட்ஸ் சமன்பாடு (ஒருவர் அளக்கும் நேரத்தையும் தொலைவையும் அவரைச் சார்ந்து நகர்பவரின் அளவுகளாக மாற்றுவது) எழுதப்படவில்லை என்று சிவப்பு மையால் பாதி மதிப்பெண்ணை அடித்தார். சமன்பாடே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். அதை உருப்போட்டு எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஓரத்து வரி தோன்றியிருக்கும் என்பதே என் ஆதங்கம்.

சமன்பாட்டின்படி, ரயிலின் வேகத்தை மின்னல்களின் இடைத்தொலைவால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால், சிறு வேகங்களுக்கு இந்த நேர வேறுபாடு கிடைக்கும். 300 மீட்டர் ரயில் மணிக்கு 108 கிலோமீட்டரில் ஓடினால், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கியதில் ஒரு பங்கு. அற்பம் என்று ஒதுக்குவோருக்கு ஒரு தகவல்: பூமத்திய ரேகை நெடுகக் கடிகாரங்களை ஒன்றையடுத்து ஒன்றாக ஒளிக்குறியால் ஒத்திசைத்துக்கொண்டு உலகைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்தால், கடைசிக் கடிகாரமும் முதல் கடிகாரமும் சுமார் 207 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) வேறுபடும். ஒரு நானோ விநாடியில் ஒளி 30 சென்டிமீட்டர் கடக்கும் என்பதால், ஜி.பி.எஸ். கணக்கீடுகள் இதற்குத் திருத்தம் சேர்த்துக்கொள்கின்றன. சுழலும் பூமி நிலைமக் குறிப்பாயம் (முடுக்கமின்றிச் சீராக நகரும் நோக்கிடம்) அன்று என்பதை அறிவேன். ஆயினும் இதன் வேர், சமன்பாட்டில் வேகத்தைத் தொலைவால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அதே உறுப்புதான். ஒளியின் ஒருவழி வேகத்தை, அதாவது போய்த் திரும்பாமல் ஒரு திசையில் மட்டும் செல்லும் வேகத்தை, தனியே அளக்க இயலாது, அது வரையறை மட்டுமே என்பாரும் உண்டு. ஐன்ஸ்டைனே போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமம் என்பதை வரையறையாகத்தான் வைத்தார். ஆனால் அவ்வரையறையை நடைமேடையில் நிற்பவரும் பயணியும் ஒரே நேர்மையுடன் பின்பற்றிய பிறகும் விடைகள் வேறுபடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி காரணமும் விளைவும். ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டுவதற்குள் நடந்துவிடும் நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே வரிசை மாறக்கூடும். ஒளியை விட விரைவாக எதுவும் செல்லாததால், அவற்றுள் ஒன்று மற்றொன்றை விளைவிக்க வழியில்லை. நடைமேடையில் 300 மீட்டர் இடைவெளியில், ஒளி அத்தொலைவைக் கடக்க எடுக்கும் நேரத்துக்கு (சுமார் ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட கால வேறுபாட்டில் இரு மின்னல்கள் விழுந்திருந்தால், எவ்வளவு விரைந்து செல்லும் ரயிலிலிருந்து அளந்தாலும் முந்தியது முந்தியதுதான்.