மகளுக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: மகள் இந்த வருடம் கல்லூரியில் வணிகவியல் சேர்கிறாள். லேப்டாப்புக்கு எங்களால் ஒதுக்க முடிந்த பணம் குறைவு. கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று புதியது, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இன்னொன்று பழையது, இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ7 பிராசஸர் போட்டது. "ஐ7 என்றால் யோசிக்கவே வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். புதியதுதான் பாதுகாப்பு என்று மனசு சொல்லும், ஆனால் விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அப்புறம் உங்கள் மகளின் பாடக் கோப்புகளுக்கு என்ன மிஞ்சும்? இந்த விலைக்கு வரும் 64 ஜிபி பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்புச் சிப், மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்றிப் பெரிதாக மாற்ற வழியில்லை. என் அண்ணன் மகனுக்கு இப்படி ஒன்றை நானேதான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது செமஸ்டரில் ஒரு அப்டேட் இறங்கக்கூட இடமில்லாமல், தேர்வு நேரத்தில் அவன் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, அந்த ஐ7? பெயரைப் பார்க்காதீர்கள், பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஏழாம் தலைமுறை ஐ7-7500யு-வில் இரண்டு கோர்தான், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் மூளை இரண்டுதான். அடுத்த தலைமுறையில் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர்! அதைவிட முக்கியம், இன்டெல்லில் விண்டோஸ் 11-க்கான ஆதரவு ஒரு சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நான் சொல்வது, அலுவலகங்களில் பயன்படுத்தி விற்பனைக்கு வரும் லேப்டாப்களைத் தேடுங்கள். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்றவை. தினமும் திறந்து மூடி உழைப்பதற்கென்றே செய்தவை என்பதால், அதே விலையில் கிடைக்கும் புது மலிவு லேப்டாப்பைவிட உடம்பும் கீபோர்டும் உறுதியாக இருக்கும். எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்குப் பின் வந்தது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு). இதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் போட்டது என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றித் தரச் சொல்லுங்கள், பழைய லேப்டாப்பின் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவது இதில்தான். ரேமைப் பின்னால் 16 ஆக்க முடியுமா, இல்லை பற்றவைத்ததா என்றும் கேட்டுவிடுங்கள். திரை 1920க்கு 1080 இருக்கட்டும். எக்செல்லில் நாள் முழுக்க கட்டம் கட்டமாகப் பார்க்கப்போகிற கண்கள் அவை.

வாங்கும் முன் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள், சங்கடப்படவே வேண்டாம், உங்கள் பணம். ஒவ்வொரு கீயையும் தட்டி, கேமரா, மைக், வைஃபை, யுஎஸ்பி எல்லாம் பார்த்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டு, பயாஸ் அமைப்புக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) போகப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு அப்படியே இருந்தால் பிறகு தலைவலி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். செய்யும்போது 50 வாட்-அவர் (பேட்டரி பிடித்துவைக்கும் மின்சாரத்தின் அளவு) இருந்தது இப்போது 40 காட்டினால் நல்ல நிலைதான், 30-க்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் மலிவாகத் தெரியும். ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள்களை அதில் நேரடியாகப் போட முடியாது, வணிகவியல் மாணவிக்கு அது சரிப்படாது. ஆஃபீஸ் மென்பொருளுக்கும் இப்போதே பணம் கட்டாதீர்கள், பல கல்லூரிகள் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. சேர்ந்ததும் மகளை முதலில் அதை விசாரிக்கச் சொல்லுங்கள்.