கை நீட்ட வைக்காத உதவி: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் யூதச் சமூகத்தின் அறப்பணி அமைப்புகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பலவும் 'இதை நம்ம ஊரிலும் செய்ய முடியுமா?' என்று கேட்கின்றன. அவர்கள் செய்யும் முறையைச் சொல்லி, நம் கரைக்கு எது ஒத்துவரும் என்பதையும் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் இளைஞர் மன்றம் அரிசி கொடுக்கிறது. மேடை போட்டு, பேர் வாசித்துத் தருகிறோம். நிஜமாகவே அடுப்பு எரியாத வீட்டுக்காரர்கள் வருவதில்லை, ஓரளவு வசதி உள்ளவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். யூதர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
- மீனவ இளைஞர், தங்கச்சிமடம்

மேடையை எடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். கடனை வாங்கியாவது மானத்தோடு இருக்க நினைக்கிற குடும்பம், மைக்கில் தன் பேரைக் கேட்க ஒருநாளும் வராது.

யூதர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். எருசலேம் ஆலயத்தில் ஒரு தனி அறை இருந்ததாக அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு வருவார். நல்லா வாழ்ந்து நொடித்த குடும்பத்தார் அதே போல யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் ஊருக்கு ஊர் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று தம்ஹூய்: இன்றைக்குச் சாப்பாடு இல்லாதவருக்கு அன்றாடம் தரும் உணவு. மற்றது கூப்பா: வாரம் ஒருமுறை, ஓய்வுநாளுக்கு முன் வெள்ளிக்கிழமை, அடுத்த வாரச் செலவுக்குத் தரும் பணம். இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் முதலாவதில் வாங்கக் கூடாது, பதினான்கு வேளைக்கு இருப்பவர் இரண்டாவதில் வாங்கக் கூடாது. இன்று அமெரிக்க நகரங்களில் யூதத் தொண்டர்கள் ஓய்வுநாளுக்கான மளிகைப் பெட்டிகளைக் கட்டி, வியாழன் இரவில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெட்டியில் பேர் இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எப்போது வரும் என்று தெரிந்த பஞ்சம் இது. ஆகவே வசூலை ஜனவரியிலேயே, மீன்பாடு உள்ளபோதே தொடங்குங்கள். பெஸாக் என்ற பாஸ்கா பண்டிகைக்கு முன்பாக ஏழைகளுக்கு மாவுக்கும் மளிகைக்கும் பணம் சேர்க்கும் வழக்கம் யூதர்களிடம் இப்படித்தான் நடக்கிறது. ஒரே தடவையில் 25 கிலோ மூட்டை தருவதைவிட வாரம் 5 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் என்று தாருங்கள். மூட்டை விலைக்குப் போகும், வாராந்தரப் பை அடுப்புக்குப் போகும். பொருளாகக் கொண்டுபோனால் தெருவே பார்க்கும் என்ற இடத்தில், மளிகைக் கடைக்காரர் இருவரிடம் முன்பணம் கட்டிவிட்டுச் சீட்டு கொடுங்கள். கடையில் அந்தக் குடும்பம் மற்றவர்களைப் போலவே சாமான் வாங்கிப் போகும். போட்டோ வேண்டவே வேண்டாம். நன்கொடை கொடுத்தவர் கேட்டால் ரசீதைக் காட்டுங்கள்.

'வட்டியில்லாக் கடன்' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குழுவில் பாசி எடுக்கிற பெண்களும் மீன் கூடை சுமக்கிற பெண்களும் இருக்கிறோம். பத்து வட்டிக்கு வாங்கித்தான் காலம் ஓடுகிறது. அவர்கள் இந்தக் கடனை எப்படி நடத்துகிறார்கள்? திருப்பித் தராவிட்டால் என்ன செய்கிறார்கள்?
- மகளிர் குழுத் தலைவி, பாம்பன்

அம்மா, முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 5,000 ரூபாய்க்குப் பத்து வட்டி என்றால் மாதம் 500. பத்து மாதம் கட்டினால் 5,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். வட்டியில்லாக் கடனில் அதே 500-ஐ அதே பத்து மாதம் கட்டினால் கடனே தீர்ந்துவிடும். உங்கள் கையிலிருந்து போவது இரண்டிலும் ஒரே தொகை. யூதர்கள் இதை ஏன் தர்மத்தின் உச்சியில் வைத்தார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பதுகூட இரண்டாவதுதான். கடனோ, கூட்டுத் தொழிலோ, வேலையோ கொடுத்து, அவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி செய்வதே முதற்படி.

இப்படிக் கடன் தரும் நிதிக்குக் கெமாக் என்று பேர். நியூயார்க்கில் 1892-இல் வெறும் 95 டாலர் முதலில் தொடங்கிய எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் இன்றும் நடக்கிறது. வட்டி கிடையாது. கடனுக்கு ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை அவர்கள் சடங்காக வைத்துக்கொள்வதில்லை. தவணை தவறினால் ஜாமீன்தாரரைத்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 50 வீடு, மாதம் 100 ரூபாய் நன்கொடை என்றால் ஆறு மாதத்தில் 30,000 சேரும். அதில் 5,000-ஐ நிறுத்தி வைத்துவிட்டு, ஆளுக்கு 5,000 வீதம் ஐந்து பேருக்குக் கொடுங்கள். மாதம் 500 வீதம் ஐந்து பேர் கட்டுவது 2,500, அதோடு புது நன்கொடை 5,000. ஏழாவது மாதத்திலிருந்து மாதம் ஒரு புதுக் கடனாவது தரலாம், மீதி இருப்பில் சேரும்.

ஜாமீன் இரண்டு பேர். புருஷன் மனைவிக்கு ஜாமீன் நிற்கக் கூடாது, இருவருக்கும் சுருக்குப்பை ஒன்றுதான். படகு முதலாளி தன் படகில் போகிற ஆளுக்கு ஜாமீன் நிற்பதையும் தவிர்க்கச் சொல்வோம். ஏற்கெனவே முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டு நிற்கிறவர் இன்னொரு முடிச்சிலும் மாட்டுவார். எவ்வளவு சின்னத் தொகையானாலும் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். சாட்சி இல்லாமல் கடன் கொடுத்துவிட்டுப் புலம்புகிறவனின் கூப்பாடு கேட்கப்படாது என்று, மிஷ்னாவை விரித்துப் பேசும் பெருநூலான தல்மூத் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் அதே தல்மூத், கடனாளியிடம் பணம் இல்லை என்று தெரிந்தால் கொடுத்தவன் அவன் கண்ணெதிரே நடந்துபோகக்கூடக் கூடாது என்றும் சொல்கிறது. பார்த்தாலே கூனிக்குறுகுவான் அல்லவா! ஆகவே வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். முதல் தவணை தவறினால் ஒருவர் மட்டும் போய்ப் பேசட்டும். இரண்டாவதும் தவறினால் ஜாமீன்தாரரோடு உட்கார்ந்து தவணையைப் பாதியாக்குங்கள். விசைப்படகுக் குடும்பங்களுக்குத் தடைக்கால இரண்டு மாதமும் தவணையே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். நிர்வாகிகளின் சொந்தக்காரர்கள் முதல் சுற்றிலேயே வாங்கிவிடுவார்கள். முதல் ஆண்டு நிர்வாகிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கடன் இல்லை என்று வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது, மே, ஜூனில்தான் பள்ளிச் செலவும் படகு வேலையும் ஒன்றாக வரும், அப்போது பெட்டி காலியாக இருக்கும். பிப்ரவரிக்குப் பின் திரும்பி வரும் தவணைகளில் பாதியையாவது அதற்காக ஒதுக்குங்கள். நோட்டு, போன், போக்குவரத்துச் செலவை நிதியிலிருந்து எடுக்காமல் தனியாக வசூலியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'கேட்கும்போது திருப்பித் தருகிறோம்' என்று யாரிடமும் பணம் வாங்கி வைக்காதீர்கள். அப்படி வாங்குகிற கெமாக்குகளும் உண்டுதான். ஆனால் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் நிதி படுத்துவிடும். தவிர, நம் நாட்டில் பதிவில்லாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நன்கொடை மட்டும் வாங்குங்கள்.

யூதர்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும்? எங்கள் ஜகாத் போலக் கணக்கு உண்டா?
- ஆசிரியர், கீழக்கரை

கணக்கு உண்டு, அடிப்படைதான் வேறு. ஜகாத் ஓர் ஆண்டு கையிருப்பாக நின்ற பணம், நகை போன்ற செல்வத்தில் இரண்டரை சதவீதம். யூதர்களின் வழக்கம் வருமானத்தில் பத்தில் ஒன்று. தாராளமாகக் கொடுப்பவர்களுக்கும் ஐந்தில் ஒன்றுதான் உச்ச வரம்பு, அதற்கு மேல் கொடுத்துவிட்டுத் தானே கையேந்தும் நிலைக்கு வரக் கூடாது என்பதற்காக. தர்மத்தில் வாழ்பவரும் தன்னால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த விதி. வாங்குகிறவர் என்றைக்கும் வாங்குகிறவராகவே நிற்க வேண்டியதில்லை.

பொய் சொல்லி வாங்குகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியூரிலிருந்து வந்து படகில் வேலை பார்ப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா?
- ஊர்க் கமிட்டி உறுப்பினர், தொண்டி

சாப்பாடு கேட்டால் விசாரிக்காமல் கொடு, துணி கேட்டால் விசாரித்துக் கொடு என்பது தல்மூதில் நிலைத்த தீர்ப்பு. பசி காத்திருக்காது. வழிப்போக்கனாக வந்த ஏழைக்கும் ஒருநாள் ரொட்டியும், இரவு தங்கினால் படுக்க வசதியும், ஓய்வுநாளில் தங்கினால் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு.

வெளியூர்க்காரர் எப்போது 'நம்ம ஊர்க்காரர்' ஆகிறார் என்பதற்கும் அளவு வைத்தார்கள். ஊருக்கு வந்து முப்பது நாள் ஆனால் உணவு நிதிக்கும், மூன்று மாதம் ஆனால் வாராந்தர நிதிக்கும், ஆறு மாதம் ஆனால் துணி நிதிக்கும், ஒன்பது மாதம் ஆனால் அடக்க நிதிக்கும் அவரும் தம் பங்கைக் கட்ட வேண்டும். வந்தவரை வாங்குகிறவராக மட்டும் பார்க்காமல் கொடுக்கிறவராகவும் சேர்த்துக்கொள்கிற ஏற்பாடு இது. உங்கள் கமிட்டி இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சொத்து விஷயத்தில் ஒரு நுட்பம். 200 ஸூஸ் (அக்கால வெள்ளிக்காசு) வைத்திருப்பவர் ஏழைகளுக்கென விட்ட விளைச்சலை எடுக்கக் கூடாது. ஆனால் அதை வைத்துத் தொழில் செய்பவர் என்றால் 50 ஸூஸ் இருந்தாலே கூடாது. சும்மா கிடக்கும் பணத்துக்கும் உழைக்கும் பணத்துக்கும் அத்தனை வித்தியாசம் பார்த்தார்கள். அதே சமயம், 'வீட்டையும் புழங்கும் பாத்திரத்தையும் விற்றுவிட்டு வா' என்று ஏழையை வற்புறுத்தக் கூடாது. நம் ஊரில் வலையையும் எஞ்சினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வல்லம் இருக்கிறதே என்று ஒரு குடும்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அதை விற்றால் அடுத்த வருடமும் உங்களிடம்தான் வருவார்கள்.

சக்கர நாற்காலி, நெபுலைசர் போன்றவற்றை இரவல் தருகிற அமைப்பைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். நாங்கள் தொடங்க நினைக்கிறோம்.
- ஓய்வுபெற்ற செவிலியர், மண்டபம்

எருசலேமில் 1976-இல் தொடங்கிய யாத் சாரா அமைப்பு அது. மூச்சுத்திணறலுக்கு ஆவி பிடிக்கும் கருவி ஒன்றை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுத்ததில் ஆரம்பித்தது. இன்று இஸ்ரேலில் நூறு கிளைகளுக்கு மேல், பெரும்பாலும் தொண்டர்களே நடத்துகிறார்கள். வாடகை இல்லை, திரும்பக் கிடைக்கும் முன்வைப்பு மட்டும் உண்டு. எந்த மதத்தார் கேட்டாலும் தருகிறார்கள்.

ஆறு பொருளோடு தொடங்குங்கள்: சக்கர நாற்காலி 2, வாக்கர் 2, கமோடு நாற்காலி 1, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை 1. ஆக்சிஜன் கருவியை முதல் வருடம் தொடாதீர்கள். அதற்கு மருத்துவர் சீட்டு, மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு, வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்கும் ஆள், இவ்வளவும் வேண்டும்.

நம் கரையில் முதல் எதிரி உப்புக்காற்று. காற்றடிக்கும் டியூப் டயரைவிடக் கெட்டி ரப்பர் டயர் நல்லது, மணலில் முள் குத்தினாலும் கவலையில்லை. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, சக்கர அச்சிலும் மடக்கும் கீலிலும் கிரீஸ் தடவி வையுங்கள். பிரேக் பிடிக்கிறதா, கால்வைக்கும் தட்டு ஆடுகிறதா என்று ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். வாக்கரின் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், வழவழத் தரையில் கிழவரை வீழ்த்துவது அதுதான். காற்று மெத்தை அதிகமாகக் கெடுவது ஊசியாலும் பின்னாலும். மேலே கெட்டிப் போர்வை போடச் சொல்லுங்கள். பிறகு நெபுலைசர் வாங்கினால் இயந்திரம் மட்டும்தான் பொது. முகமூடியும் குழாயும் மருந்துக் கிண்ணமும் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது.

பொருள் உடைந்து போவது குறைவு, திரும்பாமல் போவதுதான் அதிகம். நோயாளி இறந்துவிட்டால் அந்த நாற்காலியைப் பார்க்கவே வீட்டாருக்கு மனம் வராது, மொட்டை மாடிக்குப் போய்விடும். பொருளில் பெயிண்டால் எண் எழுதி, மூன்று மாதத் தவணையில் கொடுங்கள். 80-ஆம் நாள் 'இன்னும் தேவைப்படுகிறதா?' என்று போன் செய்யுங்கள். துக்க வீடானால் பதினாறாம் நாள் கழித்து நீங்களே ஆட்டோ அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முன்வைப்பு 500 ரூபாய் போதும். அது முடியாதவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்து.

சாவு வீட்டுச் செலவு ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. அவர்களிடம் இதற்கு வழி உண்டா?
- சங்கச் செயலாளர், தேவிபட்டினம்

உண்டு. ஒரு காலத்தில் அவர்களிடமும் சாவைவிடச் சாவுச் செலவு பெரிதாக இருந்தது, உடலைப் போட்டுவிட்டு உறவினர் ஓடிய கதையைத் தல்மூத் சொல்கிறது. அப்போது பெருந்தலைவரான ரப்பான் கமாலியேல், தன்னைச் சாதாரண லினன் துணியில் கொண்டுபோகும்படி செய்தார். பெரியவரே அப்படிப் போனதால் எல்லாரும் பின்பற்றினார்கள். இன்றும் ஹெவ்ரா கதீஷா என்ற தொண்டர் குழுவினர், ஆண் உடலை ஆண்களும் பெண் உடலைப் பெண்களுமாகக் குளிப்பாட்டி, பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளைத் துணி உடுத்துகிறார்கள்.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதிலும் அப்படியே. செல்வர்கள் வெள்ளி, தங்கக் கூடைகளில் கொண்டுபோக, ஏழைகள் பட்டை உரித்த மிலாறுக் கூடையில் கொண்டுபோய் வெட்கப்பட்டார்கள். எல்லாரும் மிலாறுக் கூடையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஏழைக்குச் சலுகை கொடுப்பதாக அறிவித்தால் யாரும் வாங்க மாட்டார்கள், எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் வாங்குவார்கள். உங்கள் சங்கமும் பந்தல், பாடை, முதல் நாள் சாப்பாடு மூன்றையும் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சங்கச் செலவில் என்று வையுங்கள். முதலில் தலைவர் வீட்டில் நடக்கும் காரியத்துக்கு அதைச் செய்ய வேண்டும்.

யூத அமைப்புகள் தங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே உதவும்?
- கல்லூரி மாணவி, ஏர்வாடி

முதன்மை சொந்த ஊர் ஏழைக்குத்தான். ஆனால் யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்து ஆதரிக்க வேண்டும், ஊர் அமைதிக்காக, என்பது தல்மூத் விதி. 1881-இல் யூத அகதிகளுக்காக நியூயார்க்கில் தொடங்கிய ஹையஸ் என்ற உதவி அமைப்பு இன்று பல நாட்டு, பல மத அகதிகளுக்கு உதவுகிறது.

வசூல் செய்பவர் மேல் எப்போதும் சந்தேகம் வருகிறது. நல்லவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். என்ன செய்வது?
- பொருளாளர், சாயல்குடி

யூதர்களிடம் வசூலுக்கு எப்போதும் இரண்டு பேர், பங்கிட மூன்று பேர். பங்கிடுவதற்கு ஏன் ஒருவர் கூடுதல்? யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்புச் சொல்வது போன்றது, பண வழக்கு விசாரிக்க மூன்று பேர் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வசூலுக்குப் போன இருவரும் வழியில் பிரியக் கூடாது. போகிற வழியில் ஒருவர் கீழே கிடந்த காசைக் கண்டெடுத்தாலோ, அவரிடம் கடன் வாங்கியவன் எதிரே வந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலோ, தன் மடியில் போடாமல் தர்மப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவன் தப்பாக நினைக்க இடம் தரக் கூடாது, அவ்வளவுதான். சில்லறையை நோட்டாக மாற்றும்போது பொருளாளர் தன் பணத்தைக் கொண்டு மாற்றக் கூடாது, வெளியாளிடம் மாற்ற வேண்டும். மிஞ்சிய உணவையும் தானே விலைக்கு எடுக்கக் கூடாது.

நம் ஊரில் இதோடு கூகுள் பே வசூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதிக்கென்று இரண்டு பேர் கையெழுத்துள்ள தனி வங்கிக் கணக்கு, அதற்கென்றே கியூஆர் அட்டை. பொருளாளரின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. வரவு-செலவை மாதம் முதல் ஞாயிறு ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள்: கொடுத்தவர் பேர் அவர் விரும்பினால் மட்டும், வாங்கியவர் பேர் இல்லாமல், எத்தனை வீடு, மொத்தம் எவ்வளவு என்று மட்டும்.