ஒரே கன்சோல்ல (டிவில மாட்டி கேம் ஆடுற மெஷின்) மட்டும் வர்ற வித்தியாசமான கேம்லாம் ஏன் விக்கவே மாட்டேங்குது?

கேம் நல்லா இல்லாததால இல்லங்க, கணக்கு அப்படி. நின்டெண்டோவோட வீ யூ கன்சோலையே எடுத்துக்கோங்க, அவங்களோட முந்தின கன்சோல் வீ 10 கோடிக்கு மேல வித்துச்சு, வீ யூ மொத்தமே சுமார் 1.35 கோடிதான். அதுல மாரியோ கார்ட் 8ங்கிற ரேஸ் கேம் மட்டும் 84 லட்சத்துக்கு மேல போச்சு, அதாவது பாதிக்கு மேல ஆளுங்க அதை வாங்கியிருக்காங்க, ஏன்னா அவங்க கன்சோல் வாங்குனதே மாரியோவுக்காகத்தான்.

இப்ப 2013ல அதே மெஷின்ல வொண்டர்ஃபுல் 101னு ஒரு கேம் வந்துச்சு, பிளாட்டினம் கேம்ஸ்ங்கிற கம்பெனி பண்ணது. ஒரு பெரிய ஹீரோ கூட்டத்தையே கூட்டிட்டு ஓடணும், கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல விரலால வட்டம் போட்டா எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய கை ஆவாங்க, நேர்கோடு போட்டா கத்தி, எல் மாதிரி போட்டா துப்பாக்கி. கேக்கவே ஜாலியா இருக்குல்ல? ஆனா இதை 30 செகண்ட் ட்ரெய்லர்ல எப்படி புரிய வைக்கிறது? பழகவே சில மணி நேரம் ஆகும். அமெரிக்கால வந்து 2 நாள்ல ஜிடிஏ 5ங்கிற பெரிய கேம் வேற இறங்குச்சு, கேக்கணுமா.

இந்த ஒரு கேமுக்காக யாரும் புது கன்சோல் வாங்க மாட்டாங்க, கன்சோல் வச்சிருக்கவன்லயும் இந்த டேஸ்ட் உள்ளவன் கொஞ்சம் பேர்தான். 2020ல இதை மத்த மெஷின்லயும் கொண்டு வர, மக்கள்கிட்ட பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் சைட்ல பிளாட்டினம் 50 ஆயிரம் டாலர் கேட்டாங்க, பல மடங்கு கொட்டுச்சு, ஸ்விட்ச், பிஎஸ் 4 கன்சோல், பிசி எல்லாத்துலயும் வந்துச்சு. ரசிகர்கள் இருந்திருக்காங்க, அவங்ககிட்ட வீ யூதான் இல்ல.