திரௌபதி அம்மன் விழா: கூத்தும் படுகளமும் தீமிதியும் – கேள்வி பதில்

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களைச் சடங்காகவும் கலையாகவும் விளையாட்டாகவும் மானிடவியல் எப்படிப் பார்க்கிறது என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறிப்பிடாமல் பொதுவாகப் பேச வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

கேள்வி: இரவில் நடக்கும் கூத்து கலை, பாரதப் போரின் முடிவைப் பகலில் திடலில் நடத்திக் காட்டும் படுகளம் சடங்கு என்று பிரிக்கலாமா?

பிரிக்கலாம், ஆனால் பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் 'பதினெட்டாம் போர்' கூத்தை ஆடி முடித்த காலையில் அந்தப் பிரிவு நிற்காது. விடிய விடிய ஆடிய அதே பீமனும் துரியோதனனும், அரிதாரம் கலையாமல் திடலுக்கு வந்து, மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனனைச் சுற்றி ஓடியும் அதன்மேல் ஏறியும் சண்டையிடுகிறார்கள். துரியோதனன் கூட்டத்துக்குள் ஓடி ஒளிய, சிறுவர்கள் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுக்கிறார்கள். பிறகு பீமனின் கதாயுதம் மண் உருவத்தின் தொடையில் விழுகிறது. அங்கே புதைத்து வைத்திருந்த செந்நீர் பீறிடுகிறது. திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. சற்றுமுன் சிரித்தவர்களே அந்த மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஆடுகளமும் வழிபாட்டுக் களமும் அன்றாட உலகிலிருந்து எல்லை வகுத்துப் பிரிக்கப்பட்டவை என்பதால், வடிவ அளவில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை என்று 1938-இல் டச்சு வரலாற்றாசிரியர் ஹூயிசிங்கா எழுதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: கூத்தாடுபவர்கள் கூலி வாங்குகிறார்கள். கூலிக்கு ஆடுவது எப்படி வழிபாடாகும்?

பூசாரியின் தட்டிலும் காசு விழுகிறது.

கேள்வி: அது காணிக்கை, இது பேரம் பேசி வாங்கும் பணம். இரண்டும் ஒன்றல்லவே?

ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அருச்சுனன் தவம் செய்வதைக் காட்டும் அருச்சுனன் தபசுக் கூத்தைப் பாருங்கள். உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறும் நடிகர், உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் வீச, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் பேசியது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அதனால் அந்தப் பழத்தின் மதிப்பு குறைவதில்லை. பயன் வேண்டிச் செய்வதும் மகிழ்விக்கச் செய்வதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று நிகழ்த்துகலை ஆய்வாளர் ரிச்சர்ட் செக்னர் சொன்னது இதைத்தான்.

கேள்வி (மற்றொருவர்): அப்படியானால் நடிகருக்கு நம்பிக்கையே தேவையில்லையா?

நடிகரின் நெஞ்சை அளக்க என்னிடம் கருவி இல்லை. அவர் செய்வதைத்தான் நான் பார்க்க முடியும். துகிலுரிதலில் துச்சாதனனாக வருபவர், சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றித் திரௌபதி வேடத்தை வணங்கி மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. கூலி வாங்கியவர்தான் அவரும்.

கேள்வி: தீமிதியில் கால் ஏன் சுடுவதில்லை?

கரியும் அதன்மேல் படியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகின்றன. பாதம் தணலில் படும் நேரமும் குறைவு. நின்றால் சுடும், சுட்டும் இருக்கிறது. ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரீக்கே ஊரில் நடக்கும் தீமிதியைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வு, மிதிப்பவரின் இதயத் துடிப்பும் கரையில் நின்று பார்க்கும் உறவினரின் துடிப்பும் ஒத்திசைந்ததையும், உறவற்ற பார்வையாளரிடம் அது இல்லாததையும் காட்டியது. எனக்கு முக்கியமாகப் படுவது மிதிக்கும் கால் அல்ல, அந்தக் கரையில் நிற்பவர்கள்தான்.

கேள்வி: விரதம் இருப்பதால்தான் சுடுவதில்லையா?

முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சடங்கின்போது ஏற்றத்தாழ்வு மறைந்து அனைவரும் ஒன்றாகிறார்கள் என்கிறாரே மானிடவியலாளர் விக்டர் டர்னர்?

எந்த ஊரில்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழைவது குறித்த தகராறில் 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. ஒன்றுகூடும் உணர்வு பொய்யல்ல. ஆனால் அந்த வட்டத்துக்குள் யாரை விடுவது என்பதை விழா தொடங்குமுன்பே ஊர் முடிவு செய்துவிடுகிறது. டர்னரைப் படிப்பவர்கள் திருவிழாவின் வரிக் கணக்கையும் முதல் மரியாதைப் பட்டியலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரிலும் இது உண்டா?

உண்டு. தீபாவளிக்கு முன்பு, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்து, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள்.

கேள்வி: கூவாகம் பற்றிச் சொல்லுங்கள்.

அரவான் களப்பலியோடு தொடர்புடைய, திருநங்கையர் பெருமளவில் கூடும் தனிப் பெரும் விழா அது. அதற்குத் திருநங்கையர் எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: கூத்து 5000 ஆண்டுப் பழமையானதா?

எந்த ஊர், எந்த ஆண்டு?

கேள்வி: நேரில் பார்க்க எப்போது போவது?

கோடைக்காலத்தில் பல ஊர்களில் நடக்கும். தேதியை ஊர் நோட்டீஸில் பாருங்கள். தீமிதிக்கு மட்டும் போய்த் திரும்பாமல், முதல் நாள் இரவே சென்று கூத்தைப் பாருங்கள். காலையில் படுகளத்தில் யார் யாரை அடிக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கும்.